கொறைஞ்சிருக்கலாம்

லூர்ட் ஹுய்ஸிங்காவின் புதுக் கால் ஒரு அட்டைப் பெட்டியில் வந்தது. அதைக் கொண்டுவந்த பெண் காரிலிருந்து இறங்குவதற்குள் காற்று அவள் தொப்பியைப் பிடுங்கிக் கால்வாயில் போட்டுவிட்டது. மார்ச் மாதத்தில் எங்கள் ஊர் ஏல்ஸ்வியருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது. கடலணைக்கு இந்தப் பக்கம் முதல் வீடு லூர்ட்டுடையது, அடுத்தது என்னுடையது. நடுவில் காற்றை மறிக்க ஒரு மரம்கூடக் கிடையாது.

"மோய்" என்றேன் நான். வந்தாலும் மோய், போனாலும் மோய், எங்களுக்கு அந்த ஒரு சொல் போதும். அவள் தன் பெயர் யோலீன் என்றும், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றும், வழியில் ஒரு டிராக்டர் பின்னால் மாட்டிக்கொண்டதால் இருபது நிமிடம் தாமதம் என்றும், அதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நாட்டின் மேற்குப் பக்கத்து நகரத்துக்காரர்கள் அப்படித்தான். பேச்சை அளந்து போடத் தெரியாது.

லூர்ட்டின் சொந்தக் கால் போய் அப்போது நான்கு வருடம் முடிந்திருந்தது. ஒரு அக்டோபர் மாதம், கிழங்கு தோண்டும் இயந்திரத்தின் உருளையில் களிமண் கட்டி சிக்கிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தாமல் காலால் எத்தினான். நாங்கள் எல்லோருமே அப்படி எத்தியிருக்கிறோம், இன்னும் எத்துகிறோம். அவன் காலை அது வாங்கிக்கொண்டது. முட்டிக்குக் கீழே ஒரு சாண் மட்டும் மிஞ்சியது. அவனை மறுபடி நடக்கப் பழக்கிய மருத்துவமனை ஆள் எங்கள் முன்னால்தான் சொன்னார்: "முட்டியக் காப்பாத்திட்டாங்க. முட்டி இருக்கிற வரைக்கும் நீ வயல்ல நிப்ப. அதுவும் போச்சுன்னா இந்தக் களிமண்ணுல ஒரு பார் தாண்ட மாட்ட, புரியுதா?" லூர்ட் தலையாட்டினான். அவன் மனைவி ஹில்யே அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த முட்டியை வீட்டில் இன்னொரு ஆளைப் போலப் பார்த்துக்கொண்டாள். குளிரில் கம்பளி சுற்றுவாள், தைலம் தேய்ப்பாள்.

பழைய செயற்கைக் கால் அவனைப் பாடாய்ப் படுத்தியது. அரை நாள் நடந்தால் இரண்டு நாள் புண். எங்கள் தொழிலோ நடை. இங்கே விளைவது விதைக்கிழங்கு. ஜூன் மாதம் முழுக்க வயலைப் பார் பாராக, வரிசை விடாமல் நடந்து, தேமல் விழுந்த செடியையும் இலை சுருண்ட செடியையும் கண்டுபிடித்து, அடிக்கிழங்கோடு பிடுங்கிப் பையில் போட வேண்டும். ஒரு நோய்ச் செடி விட்டுப்போனால் அசுவினி அதை வயல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இருபத்திரண்டு வருடமாக நானும் லூர்ட்டும் அடுத்தடுத்த பாரில் நடக்கிறோம். அவன் கண்ணுக்குத் தப்பிய செடி இந்தக் கடற்கரையில் கிடையாது. வண்டியில் உட்கார்ந்து பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உட்கார்ந்தால் மேலிலைதான் தெரியும், நோய் தெரியாது என்பான் லூர்ட்.

யோலீன் பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். வெட்டுப்பட்ட கால் உட்காரும் கூடு அது. சாம்பல் நிறம், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் கனமே இல்லை.

"இது ஒரே அச்சுல வார்க்கிறது இல்லைங்க. உங்க காலுக்குன்னே மெஷின் யோசிச்சு அச்சடிக்கிறது. உள்ளே பதிமூணு இடத்துல அழுத்தத்த அளக்குற வில்லைங்க இருக்கு. தினம் சாயங்காலம் போன்ல ஒரு குரல் கேக்கும், இன்னைக்கு கால் எப்படி இருந்துச்சுன்னு. நீங்க வாயாலயே பதில் சொன்னாப் போதும். அத வச்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை புதுக் கூடு வரும். போகப் போக அது உங்களக் கத்துக்கும்" என்றாள் யோலீன்.

"யாரு, மெஷினா? முப்பத்தோரு வருசமா நானே இன்னும் படிச்சு முடிக்கல" என்றாள் ஹில்யே.

"பாடம் கஷ்டம் இல்ல பொண்ணே. படிக்கிற ஆளுதான் சரியில்ல" என்றான் லூர்ட். ஐம்பத்திரண்டு வயது மனைவியை அவன் பொண்ணே என்றுதான் கூப்பிடுவான். இங்கே எண்பது வயதானாலும் பெண்கள் பொண்ணுதான்.

அவன் கூட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான். சமையலறையைச் சுற்றினான். கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனான். கிழங்குக் கிடங்குவரை நடந்து, அங்கே நின்று கடலணையைப் பார்த்துவிட்டு, காற்றை எதிர்த்துத் திரும்பி வந்தான். நொண்டவில்லை. நான்கு வருடத்தில் முதல்தடவையாக அவன் பழைய நடையைப் பார்த்தேன், தோளை முன்னால் தள்ளிக்கொண்டு நடக்கிற அந்த மாட்டு நடை. 

"எப்படி இருக்கு?" என்றாள் யோலீன், பேனாவைப் பிடித்துக்கொண்டு.

லூர்ட் யோசித்தான். அவசரப்படுகிற ஆள் இல்லை.

"கொறைஞ்சிருக்கலாம்" என்றான்.

ஹில்யே சட்டென்று திரும்பிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. எனக்குத் தெரியும், அவள் அழுதாள். ஏனென்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. இதைவிடக் குறைந்துபோயிருக்கலாம், ஆனால் குறையவில்லை என்று அர்த்தம். நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். பிரமாதம் என்று சொன்னால் குடித்திருக்கிறான் என்பார்கள். லூர்ட்டுக்குக் கல்யாணம் நடந்த அன்று, கவுன் போட்டு வந்து நின்ற ஹில்யேயைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு அவன் சொன்னதும் இதே சொல்தான். அவள் அதை இன்றுவரை சொல்லிக்காட்டிப் பூரித்துப்போவாள்.

யோலீன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். "பரவாயில்லைங்க, அடுத்த கூட்டுல சரி பண்ணிடலாம்" என்றாள். எதைச் சரி பண்ணப்போகிறாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. படித்தவர்களிடம் குறுக்கே பேசுவது எங்களுக்கு வராது. 

ஏப்ரலில் விதைத்தோம். லூர்ட் டிராக்டரில் தானே ஏறினான், தானே இறங்கினான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் போன் கூவும். சாப்பாட்டு மேசையில் வைத்தே பேசுவான். ஒரு பெண் குரல், நல்ல பழக்கமான குரல் மாதிரி, "வணக்கம் லூர்ட், இன்னைக்கு கால் எப்படி இருந்துச்சு?" என்று கேட்கும். "கொறைஞ்சிருக்கலாம்" என்பான். "நன்றி லூர்ட், குறிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அது வைத்துவிடும். ஹில்யே உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, "எனக்குக் கெடைக்காத பேச்சு அவளுக்குக் கெடைக்குது" என்று கேலி செய்வாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு பெட்டி வந்துகொண்டிருந்தது. புதுக் கூடு வந்ததும் பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எங்கள் இரண்டு வீட்டுத் துணிக்கொடிகளும் எதிரெதிரே. மொட்டைக்காலில் போடுகிற கம்பளி உறை முதலில் ஒன்றுதான் காய்ந்தது. ஏப்ரல் கடைசியில் இரண்டு. மே மாதத்தில் ஒரு நாள் எண்ணினேன், நான்கு. அடுத்த வாரம் ஐந்து. காற்றில் அவை ஆடுவதைப் பார்த்துவிட்டு, "என்ன லூர்ட், கால் முளைக்குதா? இத்தன உறை காயுது!" என்று வேலிக்கு மேலே கத்தினேன். அவன் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். நாளாக நாளாக மொட்டைக்கால் சுருங்கும், அப்போது உறையைக் கூட்டிப் போட்டுக்கொள் என்று மருத்துவமனையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அவனுக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்திருக்கலாம்.

மே மூன்றாம் வாரத்தில் செடி பார்க்க இறங்கினோம். முதல் இரண்டு நாள் அவன் எனக்கு முன்னால் நடந்தான். மூன்றாம் நாள் சமமாக. பிறகு நான் பார் முடிவில் அவனுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். காத்திருப்பது தெரியாமல் இருக்கப் பையைச் சரிசெய்வேன், மூக்கைச் சிந்துவேன்.

ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை நின்ற இடைவெளியில் இறங்கினோம். களிமண் பூட்ஸில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு குழந்தை கனம் கனத்தது. லூர்ட் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை ஒரு பக்கம் தூக்கிப் போட்டான். அவன் நடக்கும்போது கூட்டுக்குள்ளிருந்து 'பொசுக், பொசுக்' என்று சத்தம் வந்தது. சேறு உள்ளே போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"லூர்ட், நில்லு. கழட்டித் தொடைச்சுட்டுப் போ."

"இன்னும் ஆறு பார்தான்."

"கால் எப்படி இருக்கு?"

அவன் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினான். இலையைத் திருப்பி எனக்குக் காட்டினான். தேமல்தான், ஆனால் நான் பார்த்திருந்தால் விட்டிருப்பேன். அவ்வளவு லேசாக இருந்தது.

"போகுது" என்றான்.

எங்கள் ஊர்க்காரன் ஒருவன் போகுது என்று சொன்னால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து இந்தக் காற்றைக் குடித்தவள்தானே நான்? ஆனால் வியாழக்கிழமை வயல் சோதனைக்கு அதிகாரி வருகிறார், இன்னும் ஆறு பார் இருந்தது, மேற்கே அடுத்த மழை கறுத்துக்கொண்டிருந்தது. "சரி, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

அதிகாரி வந்தார், பார்த்தார், ஒரு குறையும் சொல்லாமல் போனார். அடுத்த சனிக்கிழமை யோலீன் தானே புதுக் கூட்டை எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தது. ஹில்யே என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். கடுகு சூப், கிராம்பு மணக்கும் காய்ந்த பன்றிச் சாசேஜ், கறுப்பு ரொட்டி, அதற்குப் பிறகு ஆவியில் வேகவைத்த போஃபர்ட் கேக், அதன்மேல் வெண்ணெயும் பாகும். மேற்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தீனி கிடைக்காது என்று ஹில்யேவுக்கு ஒரு எண்ணம். போன தடவை யோலீன் கைப்பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துத் தின்றதைப் பார்த்துவிட்டாள், அதோடு சரி.

லூர்ட் ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்து, நெற்றி வேர்த்திருந்தது. நான் அடுப்புச் சூடு என்று நினைத்தேன்.

"முதல்ல காலப் பாத்துடலாமா?" என்றாள் யோலீன்.

"சூப் ஆறிடும்" என்றான் லூர்ட்.

யோலீன் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். நூற்று நாற்பது பேருக்கு இந்தக் கூடு கொடுத்திருக்கிறார்களாம். அதிலே லூர்ட்டின் கணக்குத்தான் ரொம்ப அழகாக இறங்கியிருக்கிறதாம்.

"ஆரம்பத்துல எவ்வளவு அழுத்தம் இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு கூட்டுலயும் கொறைச்சுக்கிட்டே வந்துச்சு மெஷின். இப்ப நாலு வாரமா அசையாம நிக்குது. பச்சை விளக்கு. நாங்க மீட்டிங்ல உங்களத்தான் உதாரணமாக் காட்டுறோம்" என்றாள்.

"அப்படியா" என்றான் லூர்ட்.

ஹில்யே அவன் தட்டைப் பார்த்தாள். பாதி சூப் அப்படியே இருந்தது. "என்ன, சூப் புடிக்கலையா?"

லூர்ட் ஒரு கரண்டி வாயில் வைத்தான். விழுங்கினான். "கொறைஞ்சிருக்கலாம்" என்றான்.

ஹில்யே முகம் மலர்ந்துபோய்விட்டது. "பாத்தியா, இந்தத் தடவ கடுக நானே அரைச்சேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

யோலீன் கரண்டியை நிறுத்தினாள். அவளுக்கு ஹில்யேவுக்காகக் கோபம் வந்தது தெரிந்தது. "எதுங்க கொறையணும்? கடுகா? சூப் நல்லாத்தானே இருக்கு!"

"கொறையணும்னு யாரு சொன்னா?" என்றாள் ஹில்யே.

"அவருதான் இப்பச் சொன்னாரே, கொறைஞ்சிருக்கலாம்னு. அவரு குத்தம் சொல்றாரு, நீங்க சிரிக்கிறீங்க."

ஹில்யேயும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் நாராசமாய்க் கேட்கிறது. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினேன். "குத்தம் இல்ல பொண்ணே. அது பாராட்டு. இதவிடப் பெரிய பாராட்டு இந்த ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. கல்யாணத்தன்னைக்கு இவளப் பாத்து அதத்தான் சொன்னான்."

யோலீன் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் இருந்த நிறம் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பாராட்டா?" என்றாள்.

"ஆமா."

அவள் கரண்டியைத் தட்டில் வைக்காமல் மேசைத்துணி மேல் வைத்துவிட்டாள், மஞ்சள் கறை படர்ந்தது. லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினாள். 

"எழுபத்தொரு நாள். எழுபத்தொரு நாள் கொறைஞ்சிருக்கலாம்னு சொல்லியிருக்காரு. அழுத்தம் கொறையணும்னு கேக்குறாருன்னு மெஷின் எடுத்துக்கிச்சு. நானும் அப்படித்தான் குறிச்சேன். முதல் நாளே, இதே மேசைல. நான்தான் அதுக்குக் கத்துக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கூட்டைத் தளத்திக்கிட்டே வந்து, கால் உள்ள ஆடி ஆடி..." அவள் பாதியில் நிறுத்தினாள். "அப்போ போகுதுன்னா என்ன அர்த்தம்?"

 அடுப்பில் போஃபர்ட் பாத்திரம் மட்டும் தளதளவென்று சத்தம் போட்டது.

"போகுதுன்னு யாரு சொன்னது?" என்றாள் ஹில்யே.

"லூர்ட். கடைசி இருபத்தாறு நாள். தினமும். நல்லா நடை போகுதுன்னு நெனச்சு மெஷின் அப்படியே நிறுத்திடுச்சு. அதுக்குத்தான் பச்சை விளக்கு. அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"எங்க மாமனாரு" என்றாள் ஹில்யே மெதுவாக, "செத்துப்போறதுக்கு மொத நாள் சொன்னாரு. எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு."

பிறகு அவள் லூர்ட் பக்கம் திரும்பினாள். நான் அவளைச் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து அறிவேன். அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

"இருபத்தாறு நாளா? போன எடுத்துக்கிட்டு முற்றத்துக்குப் போனது இதுக்குத்தானா? சிக்னல் கெடைக்கலன்னு சொன்னியே. இந்த டப்பாகிட்ட சொன்னியா? பக்கத்துல படுக்கிற என்கிட்டச் சொல்லாம, டப்பாகிட்டச் சொன்னியா?"

"அது கேட்டுச்சு" என்றான் லூர்ட். "நீ பயந்துக்குவ. அதுவும் இல்லாம செடி பாக்குற மாசம்."

"காலக் கழட்டுங்க" என்றாள் யோலீன். அவள் ஏற்கெனவே தரையில் மண்டியிட்டிருந்தாள்.

கழட்டுவதற்கு ஒன்றும் சிரமம் இருக்கவில்லை. கை வைத்ததும் கூடு தானாக வந்துவிட்டது. உள்ளே ஏழு உறைகள். வெங்காயத் தோல் மாதிரி ஒவ்வொன்றாக உரித்தாள். ஐந்தாவது ஈரமாக இருந்தது. ஆறாவது பழுப்பு. ஏழாவது வரவில்லை. லூர்ட் தானே குனிந்து ஒரே இழுப்பாக இழுத்தான், வாய் திறக்காமல். முதலில் நாற்றம்தான் வந்தது. கடுகு வாசனையைத் தாண்டிக்கொண்டு வந்தது. காலின் முனை ஒரு பிடி அளவுக்குக் கறுத்து வாய் பிளந்திருந்தது. உள்ளே எங்கள் வயலின் சாம்பல் களிமண் ஒட்டியிருந்தது. அங்கிருந்து சிவப்பு மேலே ஏறி, முட்டியைச் சுற்றிப் பளபளவென்று வீங்கியிருந்தது.

ஹில்யே கத்தவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தாள், பிடி நழுவி நாற்காலியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இறந்து பிறந்த கன்றை இந்தக் கைகளால் இழுத்திருக்கிறேன், என் புருஷன் உடம்பை நானே குளிப்பாட்டினேன். ஆனாலும் என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. எத்தனை பார் அவன் அதன்மேல் நடந்தான்? நான் அடுத்த பாரில் நடந்துகொண்டிருந்தேனே.

"கொஞ்சம் ஒரசியிருக்கு" என்றான் லூர்ட்.

ஆம்புலன்சுக்குக் காத்திருப்பதைவிட வேகம் என்று என் காரிலேயே போனோம். அவன் பின்சீட்டில் காலை ஹில்யே மடியில் நீட்டிச் சாய்ந்துகொண்டான். யோலீன் என் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க அழுதாள். அவளை ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது எனக்கு. அடுத்த நிமிடம், துணிக்கொடியில் ஆடிய அந்த ஐந்து உறைகள் நினைவுக்கு வந்தன. அவளாவது சொல்லின் அர்த்தம் தெரியாமல் செய்தாள். நான் தெரிந்தே, இன்னும் ஆறு பார் என்று நடந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். லூர்ட் ஜன்னல் வழியாக மற்றவர்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில், "அந்தா, தேமல்" என்றான். 

மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். ஓஸிங்கா என்று பெயர், நாற்பது வயதிருக்கும். உள்ளே வரும்போதே "மோய்" என்றார். எனக்கு உயிர் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண். அணைக்கரையில் வளர்ந்தவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் பேச்சிலேயே பேசினார்.

"லூர்ட், சுத்தி வளைக்க நேரம் இல்ல. சீழ் சதைக்குள்ள மேல ஏறிக்கிட்டு இருக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துல உள்ள கொண்டுபோறேன். எங்க வெட்டுறதுங்கிறதுதான் கேள்வி. முட்டிக்குக் கீழயே நின்னுடுச்சுன்னா, தொறந்து கழுவி, முட்டிய வச்சுக்கப் பாப்பேன். மேல ஏறியிருந்தா அத வச்சுக்க முடியாது. வச்சா உங்க உசுருக்கே ஆபத்து. படத்துல தெளிவாத் தெரியல. வீக்கம் எல்லாத்தையும் மறைக்குது. அதனால நான் அமுக்கிப் பாப்பேன். நீங்க எங்க எப்படி இருக்குன்னு சொல்லுங்க. எங்க அப்பாவும் உங்க மாதிரிதான், அதனால முன்னாடியே சொல்லிடறேன். போகுதுங்கிற கதையெல்லாம் என்கிட்ட வேணாம்."

லூர்ட் தலையாட்டினான்.

டாக்டர் காயத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க?"

லூர்ட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்தது. "அது... போகு..."

"லூர்ட்!" ஹில்யே போட்ட சத்தத்தில் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவதை நிறுத்தினார்கள். "மனுசன் மாதிரிப் பேசு! ஒரே ஒரு தடவ, எனக்காக! வலிக்குதா, இல்லையா?"

அவன் அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஏதோ மறந்துபோன பெயரைத் தேடுகிற மாதிரி உதடு அசைந்தது.

"வலிக்குது" என்றான்.

 உருளை காலைத் தின்றபோதுகூட, ஓடிவந்த என்னிடம் அவன் "கொஞ்சம் மாட்டிக்கிச்சு ஆல்யே, மெஷின நிறுத்து" என்றுதான் சொன்னான். அந்தச் சொல் அவன் வாயில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஹில்யேவுக்கும் தெரியாது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "சொல்லு, இன்னும் சொல்லு" என்று அவன் தலையைத் தடவினாள். "இப்படிச் சொன்னாத்தானே தெரியும். எல்லாத்தையும் சொல்லிடு."

"வலிக்குது பொண்ணே. நாலு வாரமா வலிக்குது. மிதிக்கிறப்பல்லாம் வலிச்சுது. இப்பச் சும்மா கெடந்தாலும் வலிக்குது." தொடங்கிய பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

டாக்டரின் விரல் முட்டிக்குக் கீழே வந்தது. "இங்க?"

"வலிக்குது."

முட்டியின் பக்கவாட்டில். "இங்க?"

"வலிக்குது."

டாக்டர் கையை எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "லூர்ட். எது வரைக்கும்? நீங்களே காட்டுங்க."

 நான் தேவாலயத்துக்குப் போவதை விட்டு இருபது வருடம் ஆகிறது. கடவுளே, இவன் பழையபடி ஒரு பொய் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யோலீன் கதவோரம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

லூர்ட் கம்பியிலிருந்து கையை எடுத்தான். அந்தப் பெரிய, மண் ஏறிய கையை மெதுவாகக் கொண்டுபோய், முட்டியைத் தாண்டி, தொடையில் ஒரு சாண் மேலே வைத்தான்.

"இது வரைக்கும்" என்றான்.

ஹில்யே அந்தக் கையைப் பார்த்தாள். அது எங்கே இருக்கிறது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். முட்டிக்குக் கீழே கொண்டுவந்து வைத்து, தன் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டர், இங்கதான். காய்ச்சல்ல ஒளர்றான். இங்கதான் வலிக்குதாம். இங்க மட்டும்தான்."

லூர்ட் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, டாக்டரைப் பார்த்து இல்லை என்று தலையை மட்டும் அசைத்தான்.

டாக்டர் ஹில்யேயின் கையை விலக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் கைகளுக்கு மேலே, முட்டியைத் தாண்டி, தொடையைச் சுற்றிக் கோடு போட்டார்.